லீவரை யார் தள்ளுவது?

2016 ஆகஸ்ட் 3 காலை திருவனந்தபுரத்திலிருந்து 282 பயணிகளுடன் கிளம்பிய எமிரேட்ஸ் இகே-521, நண்பகல் 12.37 மணிக்கு துபாய் ஓடுபாதையில் வயிறு உரசச் சறுக்கியது. எஞ்சின்கள் இரண்டுமே நல்ல நிலையில் இருந்தன. முடுக்க வேண்டிய நேரத்தில் அவற்றை யாரும் முடுக்கவில்லை.

கேப்டன் ஆட்டோபைலட்டை விடுவித்துவிட்டுக் கையால் இறக்கிக்கொண்டிருந்தார். வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டோத்ராட்டில் மட்டும் வேலையில் இருந்தது. காற்று திசை மாறியதில் போயிங் 777 மிதந்துகொண்டே போய், ஓடுபாதையில் சுமார் 1,100 மீட்டர் தாண்டித்தான் சக்கரம் பதித்தது. மறுபடி எழும்பிவிடலாம் என்று முடிவெடுத்தார். மறுபடி எழும்ப எஞ்சினை முடுக்கும் 'டோகா' பொத்தானை அழுத்தினார், மூக்கை உயர்த்தினார். விமானமும் எழுந்தது, 85 அடி வரைக்கும்.

சக்கரம் தரையைத் தொட்டபின் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. பிரேக் பிடித்து ஓடும்போது விரல் தவறிப் பட்டு எஞ்சின் சீறிவிடக் கூடாதே என்று வைத்த பூட்டு அது, நியாயமான பூட்டுதான். வானத்தில் அழுத்தியிருந்தால் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர்கள் தாமாகவே முன்னே நகர்ந்திருக்கும். இங்கே அவை விசை மிகக் குறைந்த 'ஐடில்' நிலையிலேயே கிடந்தன. எதிரே திரையின் மேல்விளிம்பிலும் 'ஐடில்' என்றே எழுதியிருந்தது. கேப்டன், துணை விமானி இருவரும் கவனிக்கவில்லை. சக்கரங்களை மடக்கும்போதே வேகம் கரைந்தது. தரையில் மோத சுமார் 3 விநாடி இருக்கும்போதுதான் லீவர்களை முழுதாகத் தள்ளினார்கள். அவ்வளவு பெரிய எஞ்சின் வலுவெடுக்க அது போதாது.

விமானத்திலிருந்த 300 பேரும் தப்பினார்கள், சிலர் கைப்பெட்டியை விடாமல்! தீயணைக்க வந்த வீரர் ஒருவர் விமானத்தின் எரிபொருள் டாங்கி வெடித்து இறந்தார்.

ஏ320 போன்ற ஏர்பஸ் விமானங்களில் இந்தப் பொத்தானே கிடையாது. எழும்ப வேண்டுமானால் லீவரைத்தான் தள்ள வேண்டும். ஆனால் அங்கே ஆட்டோத்ராட்டிலின் வேலையைச் செய்யும் ஆட்டோத்ரஸ்ட் எஞ்சினைக் கூட்டினாலும் குறைத்தாலும் லீவர் அசையாது, கைக்கு எதுவும் தெரியாது. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320, எஞ்சினை ஐடிலில் வைத்து இறங்கும் முறையிலேயே தொடர்ந்து, ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள்.

துபாய் விமானிகளைக் 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. 2020-ல் வெளியான விசாரணை அறிக்கை, தானியங்கியை நம்பியிருந்ததோடு பயிற்சியையும் குறை சொன்னது: தரையைத் தொட்ட பிறகு, பொத்தான் கைவிட்ட நிலையில், லீவரைக் கையால் தள்ளி எழும்ப அவர்களுக்குப் போதுமான பழக்கம் தரப்படவில்லை.