மண்புழுவும் தூண்டிலும்



ஓய்வு நாள் வந்துவிட்டால் ரிங்லெட் வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்களும் பிள்ளைகளும் தூண்டிலோடு ஆற்றோரம் போவதைப் பார்க்கிறோம். செலவில்லாத பொழுதுபோக்கு, மீன் அகப்பட்டால் அன்றைய குழம்புக்கும் ஆயிற்று. இதற்கு நமக்கு எளிதில் கிடைக்கும் இரை மண்புழு. அதைப் பற்றியும், அதைக்கொண்டு ஆபத்தில்லாமல் மீன் பிடிப்பது பற்றியும் இன்று பேசுவோம்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. அது தோலால் மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் காற்று உள்ளே போகும். காய்ந்தால் புழு இறந்துவிடும். ஆகவேதான் வெயில் நேரத்தில் அது மண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது. மழை பெய்த இரவில் மேலே வருகிறது. அதற்குக் கண் இல்லை. ஆனாலும் வெளிச்சத்தை உணரும். சிவப்பு வெளிச்சம் மட்டும் அவ்வளவாகத் தெரியாது. டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புத் தாளைக் கட்டிக்கொண்டு, அதிர்வில்லாமல் மெல்ல நடந்தால், தரையில் கிடக்கும் புழுக்களைக் கையாலேயே எடுத்துவிடலாம்.

புழுவை எங்கே தோண்டுவது? வீட்டுக்குப் பின்னால் உள்ள வாழையடி, குப்பை மக்கிய இடம், மாட்டுச்சாணம் கிடக்கும் நிழல், இவையே ஏற்றவை. மருந்தடித்த தேயிலை நிரையிலும் காய்கறிப் பாத்தியிலும் தோண்ட வேண்டாம். சரிவான மேட்டையும் சாலையோரக் கரையையும் கிளற வேண்டாம். நம் மலை மண் மழைக்கு எளிதில் கரைந்து ஓடக்கூடியது. கரைந்த மண் பெர்த்தாம் ஆற்றில் இறங்கி ரிங்லெட் ஏரியின் அடியில் படிகிறது. அந்த வண்டலை அள்ளி அகற்றுவது ஓயாத வேலையாகிவிட்டது.

எடுத்த புழுக்களைப் பால் டின்னில் ஈர மண்ணும் மக்கிய இலையும் போட்டு வையுங்கள். மூடியில் சிறு துளைகள் இருக்கட்டும். தண்ணீரை நிறைய ஊற்றிவிட்டாலும், வெயிலில் வைத்துவிட்டாலும் புழு இறந்துபோகும். செத்த புழு நெளியாது. நெளியாத இரையை மீன் அதிகம் நாடாது.

புழுவின் ஒரு முனையில் முள்ளைக் குத்தி, உடலுக்குள்ளேயே சிறிது தூரம் செலுத்துங்கள். முள்ளின் கூர் மறைய வேண்டும். வால் பக்கம் சிறிது தொங்கி நெளிய வேண்டும். சிறிய மீனுக்குச் சிறு துண்டு போதும். புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுக்கள் ஆகிவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது சரியன்று. தலைப் பக்கத் துண்டு சில வேளை பிழைத்து வால் வளர்க்கும்; வால் துண்டு பெரும்பாலும் மடிந்துபோகும்.

மழைக்குப் பிறகு புழு இரைக்கு ஏன் மவுசு அதிகம்? மழைநீர் கரையிலுள்ள புழுக்களை ஆற்றுக்கு அடித்துவருகிறது. மீன்கள் அவற்றைத் தேடிக் கரையோரம் வருகின்றன. கலங்கிய நீரில் கண் பயன்படாவிட்டாலும், கெளுத்தி போன்ற மீன்கள் தம் மீசையால் சுவையை அறிந்து இரையைக் கண்டுகொள்ளும். ஆகவே மழை விட்டதும் தூண்டிலை எடுக்கத் தோன்றுவது இயல்பே.

ஆனால், நேயர்களே, நமக்கு மிகவும் ஆபத்தான வேளையும் அதுவேதான். ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே உள்ள சுல்தான் அபுபக்கர் அணை 1963-இல் கட்டி முடிக்கப்பட்டது. மின்சாரத்துக்காக நீரைத் தேக்குகிறது. மலையில் பெருமழை பெய்து ஏரி நிரம்பினால், அணையைக் காக்க நீரைத் திறந்துவிட வேண்டியிருக்கும். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அப்படித் திறந்துவிட்ட நீர், கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமாய்ப் பாய்ந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். எனவே அணைக்குக் கீழே ஆற்றின் நடுவிலுள்ள பாறையிலும் மணல் திட்டிலும் நின்று தூண்டில் போடக்கூடாது. அபாயச் சங்கு ஒலித்தாலோ, நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்துவந்தாலோ, தூண்டிலைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். தூண்டிலை வேறு வாங்கலாம். பிள்ளையை வாங்க முடியுமா? சிறு பிள்ளைகளைத் தனியே ஆற்றுக்கு அனுப்பவே வேண்டாம்.

இன்னும் இரண்டொரு செய்திகள். எலியின் சிறுநீர் கலந்த மண்ணிலும் நீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அது வெட்டுக்காயத்தின் வழியே உடலுக்குள் புகும். காயம் இருந்தால் நன்றாக மூடிக்கொள்ளுங்கள். புழுவைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். ஆற்றுக்குப் போய்வந்த சில நாட்களில் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், ஆற்றுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். துருப்பிடித்த முள் கையில் ஏறினால் மருந்தகத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். செத்து மிதக்கும் மீனை எடுக்காதீர்கள். பூச்சிமருந்து கலந்த நீரால் அது செத்திருக்கலாம். நஞ்சு கலந்தோ, வெடி வைத்தோ, மின்சாரம் பாய்ச்சியோ மீன் பிடிப்பதை நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது.

கடைசியாக, மிஞ்சிய புழுக்களை வீணாக்காமல், தோண்டிய இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். சார்லஸ் டார்வின் என்ற அறிஞர் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1881-இல் மண்புழுவைப் பற்றித் தனி நூலே எழுதினார். இலையையும் மண்ணையும் தின்று, துளையிட்டு, மண்ணுக்குள் காற்றும் நீரும் இறங்க வழி செய்யும் உழவன் அது. மண் நீரை உள்வாங்கினால் மேட்டு மண் அரிக்கப்படுவது குறையும், ஆறும் தெளியும், மீனும் பெருகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். தூண்டிலுக்குத் தோண்டும் புழுவுக்கும் அந்தச் சொல் பொருந்தும் அல்லவா?