டிரைவிங் ஸ்கூல் மாறும்போது

விழுப்புரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர், வேலை அல்லது படிப்பு காரணமாகத் திண்டிவனத்துக்குப் போய்ப் பாதியில் வேறு பள்ளிக்கு மாறினால், அதற்கென்று அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை எதுவும் இல்லை. எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் கற்றுக்கொள்பவரின் பெயரில்தான் வருகிறது. பள்ளிக்கு அதில் உரிமை கிடையாது. அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்ததும் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். "புது எல்.எல்.ஆர். போட வேண்டும்" என்று புதிய பள்ளி சொன்னால், பழையதில் உள்ள தேதியைப் பார்த்தால் போதும்.

நஷ்டம் வருவது பழைய பள்ளியில் கட்டிய மொத்தத் தொகையில். பயிற்சி, ஆர்.டி.ஓ. கட்டணம், இதர செலவு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதே வழக்கம் என்பதால் எதற்கு எவ்வளவு போனது என்று தெரிவதில்லை. மத்திய விதிகளின்படி காருக்கு மட்டும் உரிமம் எடுப்பவருக்கு பழகுநர் உரிமம் 150, அதற்கான தேர்வு 50, ஓட்டுநர் தேர்வு 300, உரிமம் 200, ஆக 700 ரூபாய். பைக்கும் சேர்ந்தால் 150-ம் 300-ம் இரட்டிப்பாகும். மிச்சமெல்லாம் பள்ளியின் கட்டணம். ஆன்லைனில் கட்டிய அரசுக் கட்டணம் விண்ணப்ப எண்ணில் பதிவாகியிருக்கும். அதன் ரசீதைப் பழைய பள்ளியிடம் கேட்டு வாங்கிவிட்டால் இரண்டாம் முறை கட்ட வேண்டியிருக்காது.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் கைப்பேசி எண். விண்ணப்பத்தில் பள்ளிக்காரரின் எண் இருந்தால் ஓ.டி.பி. அவருக்கே போகும். மனக்கசப்போடு பிரிகிறவருக்கு இது பெரிய இடைஞ்சல். விலகும் முன்பே சாரதி இணையதளத்தில் சொந்த எண்ணை மாற்றிக்கொள்வது நல்லது.

இரண்டு ஊர்களுக்கும் தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான், ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகம் வேறு. விழுப்புரத்துக்கு டி.என். 32, திண்டிவனத்துக்கு டி.என். 16. மாநிலத்துக்குள் எந்த உரிம அலுவலரிடமும் விண்ணப்பிக்கலாம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. எந்த ஊரில் எட்டு போடுவது என்பதைத் தேர்வு தேதி எடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

புதிய பள்ளியில் கேட்க வேண்டியது நாள் கணக்கை அல்ல, மணிக்கணக்கை. காருக்குக் குறைந்தது 21 நாள், அதில் வண்டி ஓட்டும் நேரம் 10 மணி என்பது விதி. பயிற்றுநர் பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஓட்டிய நேரத்தைப் பள்ளி படிவம் 15-ல் குறித்துவைக்க வேண்டும். அதன் நகல் கையில் இருந்தால் மிச்ச வகுப்புகளுக்கு மட்டும் கட்டணம் பேசிப் பார்க்கலாம். தேர்வன்று வண்டி தருவார்களா, தோற்றால் மறுமுறைக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். தோற்றவர் மறுபடி போக 7 நாள் காத்திருக்க வேண்டும்.

லாரி, பஸ் ஓட்டக் கற்பவருக்குத்தான் மாற்றம் உண்மையில் செலவு வைக்கும். அவர்களுக்குப் பள்ளி தரும் படிவம் 5 சான்றிதழ் அவசியம். பயிற்சி 30 நாள், ஓட்டும் நேரம் 15 மணி. தன்னிடம் பாதி மட்டும் கற்றவருக்கு எந்தப் பள்ளியும் எளிதில் சான்றிதழ் தராது.

நடக்காத வகுப்புக்கான பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ரசீது மட்டும் வேண்டும்.