கல்வெட்டில் கதவு எண்; சேரிக்கு வெறும் பரப்பளவு

தஞ்சாவூர் ராஜவீதிகளில் நடக்கும்போது மாணவர்கள் நம்மிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இந்தத் தெருவுல நம்ம ஆளுங்க எங்க இருந்தாங்க?" இன்றைய ராஜவீதிகள் நாயக்கர், மராட்டியர் காலத்தில் உருப்பெற்றவை. அதற்கும் முந்தைய தெருக்களைப் பெரிய கோயில் சுவரில்தான் படிக்க வேண்டும்.

ராஜராஜன் காலத்துத் தஞ்சை உள்ளாலை, புறம்படி என இரண்டாகப் பிரிந்திருந்தது. காந்தர்வத் தெரு, மடைப்பள்ளித் தெரு, வில்லிகள் தெரு, சாலியத் தெரு என்று தொழிலுக்கொரு தெரு இருந்தது. திரிபுவனமாதேவிப் பேரங்காடி, நித்தவிநோதப் பெருந்தெரு போன்றவை கடைவீதிகள். பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க வேண்டும் என்று 360 காசை இந்தக் கடைவீதி வணிகர்களிடம் முதலாகக் கொடுத்திருக்கிறார்கள். காசுக்கு அரைக்கால் வட்டி. ஆண்டுக்குக் கிடைக்கும் 45 காசு வட்டிக்குப் பழம் தர வேண்டும். எந்தத் தெரு வணிகர் எவ்வளவு வாங்கினார் என்பதும் கணக்கில் இருக்கிறது.

வீடுகளின் கணக்கு இதைவிட நுணுக்கமானது. கோயில் பணிக்காகப் பல ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அவர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்று ஒவ்வொன்றும் வெட்டப்பட்டிருக்கிறது. சிறகு என்றால் தெருவின் ஒரு பக்க வரிசை. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

அந்த நெல் விளைந்த ஊர்களும் அதே கோயில் சுவரில் உள்ளன. ஊரின் மொத்த நிலத்தில் வரி விழாத இடங்களைக் கழித்துக் காட்டுகிறார்கள்: ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, கம்மாணசேரி, பறைச்சேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே இருக்கிறது. பறையருக்குத் தனிச் சுடுகாடும் உண்டு. சேரி எத்தனை வேலி, எத்தனை மா என்பது தெரிகிறது. அங்கே யார் இருந்தார்கள், எத்தனை வீடு என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மாணவர்களின் கேள்விக்கு நம்மால் தர முடிந்த விடை இதுதான்.

இதைப் பழங்கதை என்று தள்ள முடியாது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டவர், கூலி கேட்டால் குடிசையையும் இழப்பார் என்பதே டெல்டாவில் நெடுங்கால நடைமுறை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். அதற்குப் பிறகு 1971இல்தான், குடியிருந்த மனையை விவசாயத் தொழிலாளர்க்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் பலகையில் பெயர் மாறும்போது, வீட்டுக்காரர் கையில் பட்டா இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்குங்கள். யார் வீடு, எத்தனை தலைமுறை, முதல் கடையை யார் வைத்தார், எந்தப் பண்ணையிலிருந்து வந்தார்கள், பட்டா யார் பெயரில் என்று பாட்டி, தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். பட்டா இல்லாத வீடுகளைத் தனியாகக் குறித்து, அந்தப் பட்டியலோடு தாலுகா அலுவலகத்துக்குப் போவோம்.