ஜாஸ் மேடையில் நம் ஊர்க் கடம்

1980-ம் ஆண்டு. அன்றைய பம்பாயில் ஜாஸ் இசை விழா நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலிருந்து ஜான் ஹாண்டி என்ற சாக்சபோன் கலைஞர் வாசிக்க வந்திருந்தார். அதே விழாவில் மங்களூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் சாக்சபோனில் கர்நாடக ராகம் வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த ஹாண்டியால் சும்மா இருக்க முடியவில்லை. தாமும் கூடச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார். இருவரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். முன்னேற்பாடு எதுவும் கிடையாது. ஒருவருக்குத் தெரிந்த சங்கீதம் மற்றவருக்குத் தெரியாது. இருந்தும் சபை சொக்கிப்போயிற்று.

அந்த இளைஞர் வேறு யாருமல்ல, கத்ரி கோபால்நாத். 1994-ல் வெளிவந்த 'டூயட்' படத்தில் சாக்சபோன் வாசித்தவர் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கும். நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு, அதில் கமகம் பிடித்தே தீருவது என்று பல ஆண்டுகள் பாடுபட்டவர். அவருடைய பெயர் வெளிநாடுகளில் பரவியதற்கு அந்த பம்பாய் மேடை ஒரு திருப்பம்.

ஒத்திகை பார்க்காத இரண்டு பேர், பாஷையும் வேறு, பாட்டும் வேறு என்று இருக்கும்போது, எப்படி ஒன்றாக வாசிக்க முடிந்தது?

கணக்கு ஒன்றுதான்

ஜாஸ் என்பது அமெரிக்காவின் கறுப்பர் இனமக்கள் உண்டாக்கிய இசை. தெற்கே நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவெடுத்தது. மேல்நாட்டு சாஸ்திரீய இசையில் எல்லாம் காகிதத்தில் எழுதியிருக்கும். எழுதியதைத் தாண்டி ஒரு சுரம் வாசித்தால் குற்றம். ஜாஸ் அப்படியல்ல. முதலில் ஒரு மெட்டை எல்லாரும் வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டை வைத்துக்கொண்டு தம் கற்பனையை அவிழ்த்துவிடுவார்கள். கடைசியில் எல்லாரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியை எடுத்து, நிரவல் செய்து, கற்பனை சுரம் பாடி, மீண்டும் எடுப்புக்கு வந்து சேரும் நம் பாடகருக்கு இதில் அன்னியம் என்ன இருக்கிறது?

தாளத்தில் இந்த ஒற்றுமை இன்னும் நெருக்கம். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டிருப்பீர்கள். மிருதங்கக்காரர் இரண்டு ஆவர்த்தனம் வாசிப்பார். கடக்காரர் அதற்குப் பதிலாக இரண்டு வாசிப்பார். பிறகு ஒன்று, அரை, கால் என்று அளவு சுருங்கிக்கொண்டே வரும். இதற்குக் 'குறைப்பு' என்று பெயர். கால் ஆவர்த்தனம் வரும்போது இரண்டு பேரும் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் சொல்லைப் பிடுங்குவதுபோல இருக்கும். அப்புறம் சேர்ந்து மோரா, கோர்வை. மூன்று தடவை வாசித்து எடுப்பில் வந்து விழும்போது முன்வரிசை முதல் பின்வரிசை வரை தலைகள் ஆடும்.

ஜாசிலும் இது உண்டு. சாக்சபோன்காரர் நாலு அளவு வாசிப்பார், டிரம்ஸ்காரர் நாலு அளவு பதில் சொல்வார். பிறகு இரண்டிரண்டாகவும் குறைப்பதுண்டு. இரண்டு சமுதாயங்களும் கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்துகொண்டு, ஒன்றையொன்று கேட்காமலே ஒரே விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கின்றன!

டேவ் புரூபெக் என்ற பியானோ கலைஞர் 1958-ல் தம் ஜாஸ் குழுவோடு இந்தியாவுக்கு வந்தார். பம்பாயிலும் சென்னையிலும் வாசித்தார். மறு ஆண்டு அவர் குழு வெளியிட்ட 'டேக் ஃபைவ்' என்ற உருப்படி உலகெங்கும் பிரபலமானது. அது ஐந்து எண்ணிக்கைத் தாளம். அமெரிக்க ரசிகர்களுக்கு அது பெரிய புதுமை. நம் ஊரில் கண்டசாப்பு என்று சொன்னால் பாட்டு வகுப்புக் குழந்தைகூடத் தட்டிக் காட்டும். ஒரே வித்தியாசம்: நம்முடையது 2, 3 என்று நடக்கும், அவர்களுடையது 3, 2 என்று நடக்கும். (கையில் தட்டிப் பாருங்கள், நடையின் சாய்வு மாறுவது தெரியும்.)

இடிக்கும் இடம்

எல்லாம் ஒற்றுமைதான் என்றால் வேலை சுலபமாகப் போயிருக்கும். ஒரு பெரிய முட்டுக்கட்டை உண்டு.

நம் சங்கீதத்தில் தம்புராவின் ஆதார ஷட்ஜம் கச்சேரி முடியும்வரை அசையாது. அதை அஸ்திவாரமாக வைத்துத்தான் ராகம் எழும்புகிறது. ஜாசில் நாலைந்து சுரங்களை ஒன்றாக அழுத்தி ஒலிக்கும் சுரக்கூட்டுகள் அடியில் மாறிக்கொண்டே போகும். அடி மாறினால் காது வேறொரு சுரத்தை ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளும். கல்யாணி என்று நினைத்து வாசிப்பது கேட்பவருக்கு வேறு ராகமாகப் படும். கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

வழியைத் திறந்தது ஜாஸ்காரர்களேதான். 1959-ல் மைல்ஸ் டேவிஸ் என்ற எக்காளக் கலைஞர் 'கைண்ட் ஆஃப் புளூ' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். சுரக்கூட்டுகளை அடிக்கடி மாற்றுவதை விட்டுவிட்டு, ஒரே சுர வரிசையில் நெடுநேரம் நின்று கற்பனை செய்யும் முறை அதில் ஓங்கியது. இது ராக ஆலாபனைக்கு ஒரு படி அருகில். பிறகு ஜான் கோல்ட்ரேன் என்ற மேதை ரவிசங்கரின் சிதாரில் மனத்தைப் பறிகொடுத்து, தம் மகனுக்கே ரவி என்று பெயர் வைத்தார். லண்டனில் 1960-களின் மத்தியில், கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காவில் பிறந்த ஜோ ஹேரியட்டும் சேர்ந்து இந்திய வாத்தியக்காரர்களையும் ஜாஸ் வாத்தியக்காரர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்தார்கள். அது நல்ல முயற்சி. ஆனால் இரண்டு தண்டவாளம்போல இரண்டு இசையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின என்பதுதான் என் அபிப்பிராயம்.

சம்மணமிட்ட வெள்ளைக்காரர்

தண்டவாளம் ஒன்று சேர்ந்தது 1975-ல்.

அந்த ஆண்டு ஜூலை 5-ந் தேதி, நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டிலுள்ள ஒரு கல்லூரியில் 'சக்தி' என்ற குழு கச்சேரி செய்தது. ஐந்து பேரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். கித்தார் ஜான் மக்லாக்லின், இங்கிலாந்துக்காரர், மைல்ஸ் டேவிசோடு வாசித்தவர். வயலின் எல்.சங்கர். 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு இசையமைத்த எல்.வைத்தியநாதனுக்கும் வயலின் மேதை எல்.சுப்பிரமணியத்துக்கும் தம்பி. தபேலா ஜாகிர் உசேன், நம் மாகிமில் வளர்ந்த பிள்ளை. மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். கடம் 'விக்கு' விநாயக்ராம்.

மக்லாக்லின் வெறும் ஆசையோடு வந்தவரல்ல. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றவர். கித்தாரில் கமகம் வராது. மெட்டுக்கும் மெட்டுக்கும் இடையே கட்டை தட்டையாக இருப்பதால் தந்தியை வீணைபோல அழுத்தி இழுக்க முடியாது. ஆகவே தமக்கென்று ஒரு கித்தார் செய்வித்தார். அதில் மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கினார்கள். சுருதிக்காகக் கூடுதலாக 7 தந்திகளைக் குறுக்கே பூட்டினார்கள். அதற்கு முன் அவர் 'மகாவிஷ்ணு' என்ற குழுவில் மின்சாரக் கித்தாரை முழக்கி லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்திருந்தார். அந்த முழக்கத்தையும் சம்பாத்தியத்தையும் விட்டுவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தார். விட்டுக்கொடுத்தது யார் என்று பார்த்தால், முதலில் விட்டுக்கொடுத்தவர் அவர்தான்.

நம்மவர்கள் பக்கம் பெரிய மாற்றம் கடத்துக்கு வந்தது. கர்நாடகக் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். பாடகருக்குப் பின்னால், மிருதங்கத்துக்கும் அடுத்த இடம். தனி ஆவர்த்தனம் வரும்வரை மிருதங்கத்தின் நிழலிலேயே வாசிக்க வேண்டும். சபாவில் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் நிறுத்தப்படுவதும் கடம்தான். இத்தனைக்கும் விநாயக்ராம் சாமானியரல்ல, 1966-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி அமெரிக்காவில் பாடியபோது கூட வாசித்தவர். அவர் தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் தாள வாத்தியப் பள்ளி நடத்தியவர்.

'சக்தி' மேடையில் முன், பின் என்ற வரிசை இல்லை. கித்தார் ஒரு கேள்வி கேட்டால் கடம் நேராகப் பதில் சொல்லலாம். மானாமதுரைக் களிமண்ணில் பிசைந்து, தட்டிச் சுட்ட பானை அது. தோலும் இல்லை, தந்தியும் இல்லை. சூளையிலிருந்து எந்தச் சுருதியில் வந்ததோ அதுதான் அதன் சுருதி. வாயை வயிற்றில் அழுத்தி எடுத்தால் கும்மென்ற அடித்தொனி, கழுத்தில் விரல் நுனி பட்டால் கண்ணாடி மணிபோல மேல் தொனி. அமெரிக்க இளைஞர்கள் அதைப் பார்த்து எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள்.

அன்றைய கச்சேரியே முதல் இசைத்தட்டாக 1976-ல் வந்தது. முதல் உருப்படியின் பெயர் 'ஜாய்', அதாவது ஆனந்தம். 18 நிமிடம் ஓடும். வயலினும் கித்தாரும் ஒரே ஓட்டமாக ஓடுவதையும், ஒருவரை ஒருவர் சீண்டுவதையும், எங்கோ தொலைந்துவிட்டார்கள் என்று நினைக்கும் நேரத்தில் ஐவரும் ஒரே அடியில் வந்து நிற்பதையும் கேட்டால் பெயர்ப் பொருத்தம் தெரியும். கூடத்தில் உட்கார்ந்து பதிவு செய்த பாட்டில் இது கிடைக்காது. அடுத்த ஆள் என்ன வாசிப்பான் என்று தெரியாத பயமும், தெரிந்து பிடித்துவிட்ட சந்தோஷமும் சபை முன்னால்தான் உண்டாகும்.

1978-ல் குழு கலைந்தது. மூன்றே இசைத்தட்டுகள். மின்சாரக் கித்தாரை எதிர்பார்த்த ரசிகர்களில் பலர் கூட வரவில்லை.

சம்பிரதாயம் கெட்டதா?

நம் பக்கத்திலும் முணுமுணுப்பு இருந்தது. சாஸ்திரீய சங்கீதத்தை ஓட்டல் பாட்டாக்குகிறார்கள் என்றார்கள் பெரியவர்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தம்புராவை மீட்டிவிட்டு, தபேலாவைத் தட்டவிட்டு, மேலே ஏதோ ஒரு சாக்சபோனை ஊதவிட்டு 'பியூஷன்' என்று பெயர் சூட்டிய கச்சேரிகளும் ஏராளம். பொங்கலுக்கு சாம்பார் ஊற்றினால் ருசி, பாயசத்துக்கு ஊற்றினால்?

ஆனால் விநாயக்ராம் எதை இழந்தார்? ஒரு சொற்கட்டைக்கூட இழக்கவில்லை. அவர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது தகதிமி, தகிட என்ற அதே பாடம். மாறாக, வெள்ளைக்காரர்கள்தான் அதைக் கற்றார்கள். மக்லாக்லின் கொன்னக்கோலை முறையாகக் கற்று, அதைக் கற்பிக்கும் ஒளித்தகடு ஒன்றை விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து 2007-ல் வெளியிட்டார். நாலுக்குத் தகதிமி, மூன்றுக்குத் தகிட, ஐந்துக்குத் தகதகிட. வாயால் சொல்லத் தெரிந்தவன் எந்த வாத்தியத்திலும் வாசிக்கலாம் என்பது நம் வாத்தியார்களின் பழைய வழக்கம். 1991-ல் விநாயக்ராமும் ஜாகிரும் பங்கு கொண்ட 'பிளானட் டிரம்' இசைத்தட்டு, உலக இசைக்கென்று முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட கிராமி விருதைப் பெற்றது. பின்வரிசைப் பானைக்கு இதைவிடப் பெரிய நாற்காலி யார் போடுவார்கள்?

மும்பையின் பங்கு

இந்த ஊருக்கு ஜாஸ் புதிதல்ல. 1930-களிலேயே தாஜ் ஓட்டலில் கறுப்பர் ஜாஸ் குழுக்கள் வாசித்தன. அவர்களிடம் கற்ற கோவாக்காரர்கள் பிறகு இந்தி சினிமா வாத்தியக் குழுக்களை நிரப்பினார்கள். 1978-ல் 'ஜாஸ் யாத்ரா' விழா தொடங்கியது. தோபி தலாவ் பக்கத்து ரங் பவன் திறந்தவெளி அரங்கு அதன் வீடு. சுற்றிலும் ஆஸ்பத்திரிகளும் கல்லூரியும் இருந்ததால், ஒலிக் கட்டுப்பாடு வந்த பின் அங்கே கச்சேரிகள் நின்றுபோயின.

1997-ல் 'சக்தி' மறுபிறவி எடுத்தது. மாண்டலின் சீனிவாஸ், கஞ்சிராவில் செல்வகணேஷ், பிறகு செம்பூர்த் தமிழரான சங்கர் மகாதேவன் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். 2000 டிசம்பரில் மும்பையில் நடந்த கச்சேரி 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' என்ற பெயரில் இசைத்தட்டானது. தவில், சந்தூர், டிரம்ஸ் சிவமணி என்று அன்று மேடை கொள்ளாத கூட்டம். சீனிவாஸ் 2014-ல் 45 வயதில் காலமானார். 2023-ல் குழு தன் 50-வது ஆண்டைக் கொண்டாடிச் சுற்றுப்பயணம் செய்தது. அந்த ஆண்டு வந்த 'திஸ் மொமென்ட்' இசைத்தட்டு 2024 பிப்ரவரியில் கிராமி பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் அமெரிக்காவில் மறைந்தார். 1975-ல் விரல்களால் அவர் சிரித்த சிரிப்பு அந்த முதல் இசைத்தட்டில் இருக்கிறது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியிலேயே இப்போது எல்லாம் கிடைக்கிறது. 'ஜாய்' வேகத்தில் மிரட்டினால், அதே இசைத்தட்டில் 'லோட்டஸ் ஃபீட்' என்ற சிறிய உருப்படியிலிருந்து தொடங்கலாம், நிதானமாகப் போகும். நேரில் கேட்க வேண்டுமென்றால், நரிமன் பாயிண்ட் தேசிய கலை மையத்தில் ஜாஸ் விழாக்கள் நடக்கின்றன. ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் தினம். அன்றும் இந்த ஊரில் கச்சேரி உண்டு. மாதுங்காவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகும் பழக்கமுள்ளவர்கள், ஒரு தடவை உட்கார்ந்து குறைப்பு முடியும்வரை கேட்டுவிட்டு அங்கே போகலாம். பாதி ஜாஸ் அப்போதே புரிந்திருக்கும்.