துருவைத் தேய்க்காதீங்க: பழைய கத்திக்கு வயசு சொல்வது எப்படி?

ஆஸ்திரேலியாவோட நடுப்பகுதி முழுக்க வறண்ட நிலம். அவுட்பேக்னு சொல்வாங்க. அங்கே செம்மண்ணில் பாதி புதைஞ்சு ஒரு பழைய மடக்குக் கத்தி கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். அது எந்தக் காலத்துக் கத்தி?

கையில் எடுத்ததும் உப்புத்தாளால் தேய்க்கத் தோணும். வேண்டாம். அலகு கைப்பிடியோடு சேருற இடத்தில் கம்பெனி முத்திரை இருக்கும். ஆழம் ரொம்பக் கம்மி, துருவோடு சேர்ந்து அதுவும் போயிடும். மென்மையான பிரஷ்ஷால் மண்ணை மட்டும் தட்டுங்க. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்ச்சுப் பிடிச்சா, நிழல் விழுந்து எழுத்து தெரியும்.

நான் முதலில் தேடுவது ஊர்ப் பெயர். அந்தக் காலத்தில் அங்கே புழங்கிய கத்திகளில் ஏராளமானவை இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துச் சரக்கு. சிலவற்றில் கிரீடமும் அரசரோட முதலெழுத்தும் இருக்கும். 'வி ஆர்' என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. 'ஈ ஆர்' என்றால் பெரும்பாலும் ஏழாம் எட்வர்ட், 1901 முதல் 1910. 'ஜி ஆர்' மட்டும் குழப்பும். ஐந்தாம் ஜார்ஜாகவும் இருக்கலாம், 1936-இல் வந்த ஆறாம் ஜார்ஜாகவும் இருக்கலாம். இரண்டு 'டி' எழுத்துக்கு நடுவில் அம்புக்குறி இருந்தா, அது ஆஸ்திரேலிய ராணுவச் சரக்கு.

முத்திரையே இல்லைன்னா? அப்போ பொருள் பேசும். நம்ம வீட்டு எவர்சில்வர் மாதிரி துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913-இல். பேக்லைட் பிளாஸ்டிக் வந்தது 1907-இல். கத்தியில் இருப்பதிலேயே புதுசான பொருள் எதுவோ, கத்தி அதைவிடப் பழசா இருக்க முடியாது. எலும்புக் கைப்பிடியைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, அது எல்லாக் காலத்திலும் உண்டு.

இவ்வளவும் சொல்வது கத்தி *செய்யப்பட்ட* காலத்தைத்தான். ஒரு மாட்டுக்காரர் அதை முப்பது வருஷம் இடுப்பில் வெச்சிருந்து அப்புறம் தொலைச்சிருக்கலாம். *தொலைஞ்ச* காலத்தைச் சொல்வது கிடந்த இடம்: பக்கத்தில் பழைய கிணறா, முகாம் அடுப்பா, தகர டப்பாவா, உடைந்த பாட்டிலா? அதனால எடுக்குறதுக்கு முன்னாடியே போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சுக்கோங்க. அந்த நிலம் யாருடையது, எடுக்க அனுமதி உண்டான்னும் கேளுங்க. இடம் தெரியாத கத்திக்குப் பாதிக் கதைதான் மிஞ்சும்.