அதே வலி, குறைந்த தவிப்பு

நீண்டகாலம் தியானம் செய்தவர்களின் மனம் மற்றவர்கள் மனத்திலிருந்து எங்கே வேறுபடுகிறது?

முன்கையில் வெப்பம் தரும் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். சில நொடிகளில் சுடப்போகிறது என்று தெரியும், காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆந்துவான் லுட்ஸ், ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினர் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு இது. 10,000 மணி நேரத்துக்கு மேல் தியானத்தில் அமர்ந்தவர்கள் 14 பேர் ஒரு தரப்பு. புதிதாகக் கற்றுக்கொண்ட 14 பேர் மறுதரப்பு.

எவ்வளவு சுடுகிறது என்று கேட்டதற்கு இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொன்னார்கள். அது எவ்வளவு தொல்லையாக இருக்கிறது என்று கேட்டபோதோ, மூத்த தியானிகள் குறைத்துச் சொன்னார்கள். மூளை ஸ்கேனும் அதையே காட்டியது. அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலா, சூடு படுவதற்கு முன்பே புதியவர்களிடம் பரபரத்தது. தியானிகளிடம் அந்த முன்பதற்றம் குறைவு. சூடு பட்டபோது, உணர்வைக் கவனிக்கும் பகுதிகள் தியானிகளிடம் கூடுதலாகவே இயங்கின. அவர்கள் மரத்துப்போய்விடவில்லை, வலியை முழுசாகவே உணர்ந்தார்கள்.

மருத்துவப் பரிசோதனை முடிவு வருவதற்கு முந்தைய இரவை நினைத்துப் பாருங்கள். முடிவு எதுவானாலும், அந்த இரவின் தவிப்பு நாமே சேர்த்துக்கொண்டது. நீண்டகாலப் பயிற்சி குறைப்பது இந்தக் கூடுதல் சுமையைத்தான் என்று நான் நம்புகிறேன்.

யாரை யாரோடு ஒப்பிடுவது?

ஆனால், இத்தகைய ஒப்பீட்டில் ஒரு சிக்கல் உண்டு. இதே பல்கலைக்கழகம் 2004-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், திபெத்திய பௌத்த மரபில் பயின்ற 8 பேரிடம் வலுவான காமா மூளை அலைகள் பதிவாயின. அவர்களோடு ஒப்பிடப்பட்ட 10 பேரும் ஒரு வாரமே பயிற்சி பெற்ற இளம் மாணவர்கள். வயது வேறு, வாழ்க்கை முறை வேறு. வேறுபாடு தியானத்தால் வந்ததா, இயல்பிலேயே அமைதியானவர்கள்தான் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்களா?

இதற்கு விடை தேட கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர் கிளிஃபோர்ட் சாரன் 2007-ல் வேறொரு வழியை எடுத்தார். தியானத்தில் ஆர்வமுள்ள 60 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேர் கொலராடோ மலைப்பகுதியில் மூன்று மாதம் தங்கிப் பயிற்சி பெற்றார்கள். மீதிப் பேர் காத்திருந்து, பிறகு அதே பயிற்சியைப் பெற்றார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் கவனம் நீடித்தது, அவசரப்படாமல் நிதானிக்கும் திறன் கூடியது, மனநலக் கேள்விகளுக்கு அவர்கள் தந்த பதில்களும் மேம்பட்டன. காத்திருந்தவர்களின் முறை வந்தபோது, அவர்களிடமும் கவனம் கூர்மையடைந்தது. இயல்பு மட்டும் காரணமாக இருந்தால் இப்படி நடந்திருக்காது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, பயிற்சியை விடாமல் அதிகம் செய்த மூத்தவர்களிடம் வயதால் வரும் கவனத் தளர்ச்சி குறைவாக இருந்தது.

மிகைப்படுத்த வேண்டாம்

தியானத்தை விற்பவர்கள் சொல்லாத செய்திகளும் உண்டு. 47 சோதனைகளை ஒருசேர ஆராய்ந்து 2014-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட கட்டுரை, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் உண்டு என்றது; உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. பிரான்சில் முதியவர்களிடம் 18 மாதம் நடந்த ஆய்வில், எதிர்பார்த்த மூளைப் பகுதிகளின் அளவு கூடவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, தீவிரப் பயிற்சியில் சிலருக்குப் பயமும் பீதியும் உணர்ச்சி வறட்சியும் வந்ததைப் பதிவு செய்தது.

ஆகவே, மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியானத்தில் உட்காருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவதே நல்லது. மற்றவர்களும் ஒரு வாரத்தில் மனம் மாறிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டியதில்லை.

மனம் நலமாக இருக்க, துன்பமே வராமல் இருக்க வேண்டும் என்பதில்லை. வந்ததை வந்த அளவுக்கு மட்டும் பட்டு, போனதும் விட்டுவிடத் தெரிந்தால் போதும். அது பழகினால் கைகூடும் என்பதற்கு இன்று சான்று இருக்கிறது. பழகக் காலம் பிடிக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது.