ஏரியோரம் தங்க வாங்க: கரை பறவைக்கு, தோப்பு நமக்கு

மார்கழி பிறந்துவிட்டால் ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பில் கறுப்புப் புள்ளிகள் நிறைந்துவிடும். உற்றுப் பார்த்தால் அத்தனையும் நாமக்கோழிகள். உடம்பெல்லாம் கறுப்பு, அலகும் நெற்றியும் மட்டும் பளீர் வெள்ளை. பருந்து வட்டமிட்டால்கூட இந்தப் பறவை சட்டென்று எழும்பாது. தண்ணீர் மேலேயே காலை அடித்து அடித்து நெடுந்தூரம் ஓடி, அதன்பிறகுதான் மேலேறும். முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் கைதட்டாமல் இருப்பதில்லை.

புதுச்சேரிக்கு வார விடுமுறையில் வருகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சாலையோடு திரும்பிவிடுகிறார்கள். நகரத்துக்கு மேற்கே பத்து கிலோமீட்டரில் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து. தெற்கே பாகூர் கொம்யூன். புதுச்சேரிப் பகுதியில் இருக்கும் 84 ஏரிகளில் முதல் இரண்டு பெரிய ஏரிகளான ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் இந்த இரு கொம்யூன்களின் பக்கம்தான். டென்ட்டும் கேரவனுமாகக் கிளம்பும் குடும்பங்கள் பெருகிவரும் காலம் இது. ஏரியோரம் ஓர் இரவு தங்க அவர்கள் ஆசைப்படுவது நல்ல விஷயம். எந்த இடத்தில் தங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஊசுட்டேரி: பகலோடு கிளம்பிவிடுங்கள்

சுமார் 800 ஹெக்டேர் பரப்புள்ள ஊசுட்டேரியில் பாதி புதுச்சேரிக்கு, மீதி விழுப்புரம் மாவட்டத்துக்கு. 2008-ல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2014-ல் தமிழகமும் அறிவித்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் தங்க முடியாது, தீ மூட்டவும் கூடாது. ஆகவே இங்கே டென்ட் அடிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

சட்டத்துக்குப் பின்னால் வலுவான காரணமும் இருக்கிறது. ஊசிவால் வாத்து போன்ற பறவைகள் வட ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருகின்றன. திரும்பிப் போவதற்குள் அவை உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். ராத்திரியில் ஸ்பீக்கர் சத்தமோ ஹெட்லைட் வெளிச்சமோ அவற்றைக் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது. விடியற்காலையில் வந்து, பைனாகுலரில் மஞ்சள்மூக்கு நாரையையும் கூழைக்கடாவையும் நத்தைக்குத்தி நாரையையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, வெயில் ஏறும்போது கிளம்பிவிடுவதே முறை.

பாகூர்: தங்க ஏற்ற ஊர்

தங்குவதென்றால் பாகூர்ப் பக்கம் வரலாம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்த ஊர். தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து ஏரி நிரம்புகிறது. பங்காரு, சிங்காரு என்ற சகோதரிகள் வெட்டிவைத்த வாய்க்கால் என்று ஊரில் கதை உண்டு. ஏரித் தண்ணீர் மதகு வழியாக வாய்க்காலில் இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து வயலுக்குள் போவதை ஒரு பிள்ளை கூடவே நடந்து பார்த்தால், பாடப்புத்தகத்தில் படிக்கிற பாசனம் கண்முன்னே விளங்கும். மூலநாதர் கோயில் சோழர் காலத்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. பகல் பொழுதுக்குப் பார்க்க இவ்வளவு இருக்கிறது.

இங்கேயும் ஏரிக்கரை மேல் டென்ட் கூடாது. கரை என்பது மண். அதில் ஆணி அடிப்பதும், அடுப்புக்குக் குழி தோண்டுவதும், வண்டி ஏற்றுவதும் அதைப் பலவீனப்படுத்தும். மழைக்காலத்தில் உடைப்பு எடுத்தால் பாழாவது ஆயக்கட்டு விவசாயியின் பயிர். ஏரிக்குச் சற்றுத் தள்ளி மாந்தோப்பு, கொல்லை, நெல் அடிக்கும் களம் என்று எவ்வளவோ இடம் இருக்கிறது. உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, வாடகை பேசி, போர் மோட்டார் தண்ணீருக்கும் கழிவறைக்கும் ஏற்பாடு செய்துகொண்டு தங்கலாம். தென்னைக்கு அடியில் மட்டும் டென்ட் அடிக்காதீர்கள். தேங்காயும் மட்டையும் எந்நேரமும் விழும்.

தையும் மாசியும் தோதான மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஏரி நிறைந்திருக்கும், சம்பா அறுவடை நடக்கும், தரையும் காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் வெள்ளம் புரண்டது.

வயல்வெளி என்பதால் ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. கட்டுவிரியன் தூங்குகிறவர் படுக்கைக்குள்ளேயே வரக்கூடியது. டென்ட்டின் ஜிப் எப்போதும் மூடியிருக்கட்டும். கடி பட்டால் கட்டுப் போடுவதிலும் கீறி விடுவதிலும் நேரத்தை வீணாக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேரவனில் வருகிறவர்களுக்கு

சினிமா ஷூட்டிங்கில் மட்டும் பார்த்துப் பழகிய கேரவன், இன்று குடும்பச் சுற்றுலா வண்டியாகிவிட்டது. கேரளம் 2021-ல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமண்ணில் கேரவன் பூங்கா கண்டது. அங்கே வண்டி நிற்க இடம், மின் இணைப்பு, தண்ணீர், கழிவு அகற்றும் வசதி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் சாரம். இங்கோ நம் கிராமச் சாலைகள் குறுகல். எதிரே கரும்பு லாரி வந்தால் ஒதுங்க இடமிருக்காது. வண்டியை அகலமான சாலையோரத் தோப்பில் நிறுத்திவிட்டு ஏரிக்கு நடந்தோ சைக்கிளிலோ போவது நல்லது. கேரவன் கழிப்பறையின் ரசாயனக் கழிவும் பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரும் ஒருபோதும் வாய்க்காலில் கலக்கக் கூடாது. அது ஏரிக்கோ வயலுக்கோதான் போய்ச் சேரும்.

குதிரையும் ஏரியும்

இந்த மண்ணில் ஏரிக்கும் குதிரைக்கும் பழைய உறவு. ஏரி காக்கும் ஐயனாருக்கு நேர்த்திக்கடனாகச் சுடுமண் குதிரை வைக்கிறோம். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. களிமண்ணோடு வைக்கோல் துகளைப் பிசைந்து, முதலில் நான்கு கால்களை உள்ளே வெற்றிடம் விட்டு எழுப்பி, அதன்மேல் வயிறு, கழுத்து, தலை என்று பகுதி பகுதியாகத் தட்டித் தட்டி வளர்ப்பார்கள். சுடும்போது வெடிக்காமலிருக்க உடம்பில் துளை விடுவார்கள். இந்த வேலையைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உயிருள்ள குதிரைகளும் அக்கம்பக்கத்தில் உண்டு. ஆரோவில்லில் குதிரையேற்றப் பள்ளி நடக்கிறது. சொந்தக் குதிரையோடு வருகிறவர்கள் நாளுக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீருக்கு வழி செய்துகொள்ள வேண்டும். வெயிலில் இன்னும் கூடும். பாசி படிந்த தேங்கிய நீரைக் காட்டக் கூடாது. கடிக்கும் மாட்டு ஈக்கள் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும். அதனால் நீரோரத்தில் கட்டாமல், காற்றோட்டமான மேட்டு நிலத்தில் கட்ட வேண்டும். கரை மேல் குதிரையை ஓட்டக் கூடாது. அறுவடை முடிந்த வயலில் விவசாயி சம்மதித்தால் ஓட்டலாம். லத்தியை அவருக்கே எருவாகக் கொடுத்துவிடலாம்.

கொம்யூன்கள் செய்ய வேண்டியது

இதையெல்லாம் பயணிகளின் நல்ல மனசை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. இடம் தர விரும்பும் தோப்புக்காரர்களின் பட்டியலை வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் தயாரிக்கட்டும். கழிவறை, குப்பை, தீ ஆகியவற்றுக்கு விதி வகுக்கட்டும். வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கை வரத்து வாய்க்கால் தூர்வாருவதற்கென்றே ஒதுக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-ல் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டத்தில், ஏரியைப் பராமரிக்க ஊர்மக்களின் சங்கங்கள் உருவாயின. அந்த அனுபவம் நம் கிராமங்களுக்கு உண்டு. புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

தோப்பு வாடகை விவசாயிக்கும், கட்டணத்தின் பங்கு வாய்க்காலுக்கும் போனால், வருகிற ஒவ்வொரு குடும்பமும் ஏரியைக் காப்பாற்றுகிற குடும்பம்தான். அந்த ஏற்பாட்டை வரும் தை மாதத்துக்குள் செய்து முடிக்க வேண்டும்.